சிறு துளையின் பெரு வெற்றி
(பொறியியல் அறிஞர் பீட்ரிஸ் ஷில்லிங் அம்மையார் வரலாறு)

முன்னுரை

சாதனையாளர்கள் என்றவுடன் பேரணைகளைக் கட்டியவர்களும், வானளாவிய கோபுரங்களை எழுப்பியவர்களும், புதிய கண்டங்களைக் கண்டுபிடித்தவர்களும் நம் நினைவில் தோன்றுவது இயல்பு. பெரிய செயல்களுக்குப் பெரிய கருவிகள் வேண்டும் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் உள்ளங்கையில் வைத்தால் ஒரு காசு அளவுகூட இடம் பிடிக்காத ஒரு பித்தளைத் துண்டு, அதன் நடுவில் ஒரு துளை - இவ்வளவே ஒருவரது புகழுக்குக் காரணமாயிற்று என்றால் நம்ப முடிகிறதா? அந்தத் துண்டு இங்கிலாந்து நாட்டின் போர் விமானிகள் பலரின் உயிரைக் காத்தது. அதை உருவாக்கியவர் ஒரு பெண்மணி. பொறியியல் என்பது ஆண்களுக்கே உரியது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், கையில் ஸ்பானரும் நெஞ்சில் உறுதியுமாக நின்ற பீட்ரிஸ் ஷில்லிங் அம்மையாரே அவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் தென்பகுதியில் ஹாம்ப்ஷயர் என்னும் மாவட்டம் உள்ளது. அங்குள்ள வாட்டர்லூவில் என்ற சிற்றூரில் 1909ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் பீட்ரிஸ் ஷில்லிங் பிறந்தார். தந்தையார் இறைச்சிக் கடை வைத்திருந்தவர். மூன்று பெண்மக்களுள் பீட்ரிஸ் கடைக்குட்டி. செல்வக் குடும்பமும் அன்று; பொறியாளர் பரம்பரையும் அன்று. எனவே பிற்காலத்தில் அவர் அடைந்த திறமையைக் குலவழி வந்த சொத்து என்று யாரும் கூறிவிட முடியாது.

மற்றச் சிறுமியர் பொம்மைகளுக்கு உடை தைத்து விளையாடிய வயதில் பீட்ரிஸ் தமக்குக் கிடைத்த சில்லறைக் காசுகளைச் சேர்த்துக் கருவிகள் வாங்கினார். அக்காலத்தில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பெட்டி இங்கிலாந்துச் சிறுவர்களிடையே மிகவும் பெயர் பெற்றது. துளையிட்ட தகடுகள், திருகாணிகள், சிறு சக்கரங்கள் ஆகியவற்றைக் கொண்டு பாலம், பளுதூக்கி, வண்டி போன்றவற்றை அமைக்கும் விளையாட்டு அது. அதில் நடத்தப்பட்ட போட்டி ஒன்றில் சிறுமி பீட்ரிஸ் பரிசு பெற்றார்.

பதினான்கு வயதில் அவர் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதை ஓட்டி மகிழ்வதோடு நிற்கவில்லை. அதன் என்ஜினை முற்றிலும் கழற்றினார். ஒவ்வோர் உறுப்பும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். கழற்றுவது எளிது, பூட்டுவது அரிது என்பது கைத்தொழில் அறிந்த அனைவருக்கும் தெரியும். பூட்டிய பின் ஒரு திருகாணிகூட மிச்சமில்லாமல் இருப்பதே உண்மையான தேர்வு. அந்தத் தேர்வில் பதினான்கு வயதிலேயே தேறிய அவர், பொறியாளராவதே தம் வாழ்க்கை என்று முடிவு செய்துகொண்டார்.

கல்வியும் தொடக்க காலப் பணியும்

பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் பீட்ரிஸ் ஒரு மின்பணி நிறுவனத்தில் சேர்ந்தார். அதை நடத்தி வந்தவரும் ஒரு பெண்மணியே. மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்னும் அந்த அம்மையார் வீடுகளுக்கும் சிற்றூர்களுக்கும் மின்சார வசதி செய்துகொடுக்கும் தொழிலைத் துணிவுடன் மேற்கொண்டிருந்தவர். அவரிடம் மூன்றாண்டுகள் பீட்ரிஸ் வேலை கற்றார். சுவர்களில் கம்பி இழுப்பது, மின்னாக்கி எந்திரங்களை நிறுவுவது, பழுது பார்ப்பது எனக் கையில் அழுக்குப் படாத வேலை எதுவும் அங்கில்லை. தம் மாணவியின் கூர்மையைக் கண்ட மார்கரெட் அம்மையார், பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மின்பொறியியல் படிக்குமாறு தூண்டினார். தாம் ஏறிய ஏணியைத் தமக்குப் பின் வருவோருக்காகப் பிடித்து நிற்கும் இத்தகைய பெரியோர் கிடைப்பது பெரும்பேறு.

1929ஆம் ஆண்டு பீட்ரிஸ் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பொறியியல் வகுப்பில் அமர்ந்திருந்த இரண்டே பெண்களுள் அவர் ஒருவர். 1932இல் மின்பொறியியலில் பட்டம் பெற்றார். அத்துடன் நில்லாமல் மேலும் ஓராண்டு பயின்று எந்திரப் பொறியியலில் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

பட்டம் இருந்தது, வேலைதான் கிடைக்கவில்லை. உலகெங்கும் பெரும் பொருளாதாரச் சரிவு பரவியிருந்த ஆண்டுகள் அவை. ஆண் பொறியாளர்களே வேலையின்றித் தவித்தபோது ஒரு பெண்ணுக்கு யார் கதவைத் திறப்பார்கள்? பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் மக்ளோ என்ற பேராசிரியரின்கீழ் ஆய்வு உதவியாளர் பணி ஒன்று கிடைத்தது. ஒற்றைச் சிலிண்டர் என்ஜின் ஒன்றில் சூப்பர்சார்ஜரைப் பொருத்தி அதன் இயக்கத்தை ஆராய்வதே அங்கு நடந்த பணி.

சூப்பர்சார்ஜர் என்பது என்ன என்பதை இங்கே சொல்லிவிடுவது நலம். சாதாரண என்ஜின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சும் காற்றின் அளவுக்கேற்பத்தான் பெட்ரோலை எரிக்க முடியும். எரியும் பெட்ரோலுக்கேற்பத்தான் ஆற்றல் கிடைக்கும். என்ஜினின் சுழற்சியைக் கொண்டே ஓர் அமுக்கியைச் சுழலவிட்டு, காற்றை அழுத்தி உள்ளே திணித்தால், அதே அளவுள்ள என்ஜின் மேலும் மிகுதியான ஆற்றலைத் தரும். அவ்வாறு காற்றைத் திணிக்கும் கருவியே சூப்பர்சார்ஜர். உயரே செல்லச் செல்லக் காற்று மெலிந்துபோவதால் விமானங்களுக்கு இது மிகவும் தேவையாயிற்று. பர்மிங்காமில் ஒற்றைச் சிலிண்டரில் கற்ற பாடம், பின்னாளில் பன்னிரண்டு சிலிண்டர்களின் நோயைத் தீர்க்கப் பயன்படப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

புரூக்லண்ட்ஸ் ஓட்டப்பாதையில்

பீட்ரிஸ் அம்மையார் ஏட்டுப் பொறியாளர் அல்லர். சர்ரே மாவட்டத்தில் புரூக்லண்ட்ஸ் என்னும் இடத்தில் 1907ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட புகழ்பெற்ற பந்தய ஓட்டப்பாதை ஒன்று இருந்தது. கான்கிரீட்டால் ஆன, வளைவுகளில் சுவர்போல் சாய்ந்து உயரும் பாதை அது. அதில் மணிக்கு நூறு மைல் வேகத்துக்கு மேல் ஒரு சுற்றை முடிக்கும் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தங்க நட்சத்திரச் சின்னம் வழங்குவது வழக்கம். 1934ஆம் ஆண்டு பீட்ரிஸ் தம் நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் அந்த வேகத்தைத் தாண்டிச் சுற்றி வந்து அச்சின்னத்தைப் பெற்றார். அந்தப் பாதை செயல்பட்ட காலம் முழுவதிலும் இச்சிறப்பைப் பெற்ற பெண்கள் மூவரே. அவர்களுள் இவர் ஒருவர்.

வண்டியை விலைக்கு வாங்கி யாரோ செப்பம் செய்துகொடுக்க ஏறி ஓட்டியவர் அல்லர் அவர். தாமே என்ஜினைத் திறந்து, தாமே சீர்செய்து, தாமே ஓட்டினார். ஓட்டும்போது என்ஜின் எழுப்பும் ஓசையில் சிறு வேறுபாடு தோன்றினாலும் அது எந்த உறுப்பிலிருந்து எழுகிறது என்று ஊகிக்கும் பழக்கம் இத்தகையோருக்கே வாய்க்கும். தேர்ந்த வீணைக் கலைஞன் ஒரு நரம்பு தளர்ந்ததைக் காதாலேயே அறிவது போன்றது இது.

1938ஆம் ஆண்டு அவர் ஜார்ஜ் நெய்லர் என்பவரை மணந்தார். அவரும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஈடுபாடு கொண்டவர். தம்மைப் போலவே தங்க நட்சத்திரம் பெற்ற பிறகே திருமணம் என்று பீட்ரிஸ் நிபந்தனை விதித்ததாக ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும் இருவரும் கடைசிவரை ஒத்த மனத்தினராக வாழ்ந்தனர் என்பது மெய். போர்க்காலத்தில் நெய்லர் குண்டுவீச்சு விமானியாகப் பணியாற்றினார். எனவே விமான என்ஜின் நின்றுபோவதென்பது அம்மையாருக்கு வெறும் ஆய்வுக்கூடச் சிக்கலாக மட்டும் இருந்திருக்க முடியாது.

மெர்லின் என்ஜினின் நோய்

1936ஆம் ஆண்டு ஃபார்ன்பரோவில் இருந்த அரச விமான ஆய்வு நிலையத்தில் பீட்ரிஸ் பணியில் சேர்ந்தார். முதலில் கிடைத்தது என்ஜின்களுக்கான கையேடுகள் எழுதும் வேலை. எந்திரத்தைத் தொட்டுப் பழகிய கைக்கு இந்த எழுத்து வேலை எவ்வளவு சலிப்பூட்டியிருக்கும்! ஆயினும் பொறுத்திருந்தார். பிறகு என்ஜின் ஆய்வுப் பிரிவுக்கு மாறி, கார்புரேட்டர் துறையில் வல்லுநர் ஆனார்.

1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940ஆம் ஆண்டு கோடையில் ஜெர்மானிய விமானப்படை இங்கிலாந்தின்மேல் அலை அலையாகப் படையெடுத்தது. அதை எதிர்த்து நின்றவை ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் என்னும் இருவகைப் போர் விமானங்கள். இரண்டிலும் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் மெர்லின் என்ஜின். பன்னிரண்டு சிலிண்டர்களும் 27 லிட்டர் கொள்ளளவும் உடைய, சூப்பர்சார்ஜர் பொருத்திய அருமையான என்ஜின் அது. ஆனால் அதற்கு ஒரு நோய் இருந்தது.

எதிரி விமானத்தைத் துரத்திச் செல்லும் ஆங்கிலேய விமானி, தன் விமானத்தின் மூக்கைத் திடீரெனக் கீழே தாழ்த்தினால் போதும், என்ஜின் திக்கும், கறுப்புப் புகையைக் கக்கும், சில வேளைகளில் அடியோடு நின்றும் போகும். மெஸ்ஸர்ஸ்மிட் 109 என்னும் ஜெர்மானிய விமானத்துக்கு இத்தொல்லை இல்லை. அதன் என்ஜினில் கார்புரேட்டரே கிடையாது. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் அமைப்பு இருந்தது. ஜெர்மானிய விமானிகள் இதை விரைவில் உணர்ந்துகொண்டனர். துரத்தப்படும்போது மூக்கைத் தாழ்த்திக் கீழே பாய்ந்தால் தப்பிவிடலாம். ஆங்கிலேய விமானியோ தன் விமானத்தைப் பாதி புரட்டிக் கவிழ்த்த பின்னரே பின்தொடர்ந்து பாய முடிந்தது. அதற்குள் எதிரி கைக்கெட்டாத தொலைவு சென்றுவிடுவான். துரத்துபவனுக்கு இது ஏமாற்றம். துரத்தப்படுபவனுக்கோ இது உயிர்ப் பிரச்சினை.

நோயின் மூலம்

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல எந்திரத்தின் நோயையும் படிப்படியாகப் பார்க்க வேண்டும். மெர்லினின் கார்புரேட்டரில் ஒரு மிதவை அறை உண்டு. வீட்டின் மேல் உள்ள தண்ணீர்த் தொட்டியில் மிதவைப் பந்து இருப்பதைப் பார்த்திருக்கிறோம். தண்ணீர் நிரம்பினால் பந்து மேலே எழும்பிக் குழாயை அடைக்கும். குறைந்தால் பந்து தாழ்ந்து குழாயைத் திறக்கும். கார்புரேட்டரிலும் அதே அமைப்புத்தான். அறையின் அடிப்பகுதியிலிருந்து பெட்ரோல் என்ஜினுக்குச் செல்லும்.

பேருந்து ஒரு மேட்டை வேகமாகத் தாண்டும்போது நம் உடல் இருக்கையை விட்டு எழும்புகிறது அல்லவா? விமானத்தின் மூக்கைத் திடீரெனத் தாழ்த்தும்போதும் அதுவே நிகழ்கிறது. ஆனால் பன்மடங்கு வலுவாக. விமானத்தினுள் இருப்பவை அனைத்தும் மேற்கூரையை நோக்கி வீசப்படுகின்றன. மிதவை அறையில் உள்ள பெட்ரோலும் அப்படியே மேலே எறியப்படுகிறது. அடியில் உள்ள வழி வறண்டுவிடுகிறது. பெட்ரோல் கிடைக்காமல் என்ஜின் ஒரு கணம் தடுமாறுகிறது. இது நோயின் முதற் கட்டம்; பட்டினி எனலாம்.

இரண்டாம் கட்டம்தான் கொடியது. மேலே குவிந்த பெட்ரோலில் மிதவை தலைகீழாக மிதந்து அறையின் அடிப்பக்கம் வருகிறது. அறை காலியாகிவிட்டது என்று பொருள்கொண்டு ஊசி வால்வு முழுவதும் திறந்துவிடுகிறது. என்ஜினுக்குத் தேவையானதைவிட மிகுதியாகவே பெட்ரோலைத் தள்ளக்கூடிய பம்பு, தன் முழு வலிமையோடு அறையை நிரப்புகிறது. அளவுக்கு மீறிய பெட்ரோல் சூப்பர்சார்ஜர் வழியாகப் பன்னிரண்டு சிலிண்டர்களுக்கும் பாய்கிறது. காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல் எரியாது. கறுப்புப் புகைதான் வரும். என்ஜின் மூச்சுத் திணறி நின்றுவிடும். இது அசீரணம் எனலாம்.

வெளியே இருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றே: என்ஜின் வலுவிழந்தது. ஆனால் முன்னது பற்றாக்குறை, பின்னது மிகுதி. இரண்டையும் பிரித்தறியாமல் பட்டினி என்று மட்டும் எண்ணி மேலும் பெட்ரோல் தள்ளினால் நோய் முற்றத்தானே செய்யும்? இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் கண்டதே தீர்வின் தொடக்கம்.

கார்புரேட்டரை அகற்றிவிட்டு ஜெர்மானியரைப் போல நேரடிப் பீய்ச்சல் முறைக்கு மாறலாமே என்று கேட்கத் தோன்றும். ஆங்கிலேயப் பொறியாளர்கள் கார்புரேட்டரை வைத்துக்கொண்டதற்கும் ஒரு காரணம் இருந்தது. சூப்பர்சார்ஜருக்கு முன்பே பெட்ரோல் காற்றோடு கலந்து ஆவியாகும்போது அக்காற்றைக் குளிரச் செய்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. அதனால் ஆற்றல் கூடுகிறது. மேலும், போர் நடந்துகொண்டிருக்கும்போது என்ஜின் முழுவதையும் புதிதாக வடிவமைக்க நேரம் ஏது? நாளை காலை மீண்டும் பறந்தாக வேண்டிய விமானத்துக்கு இன்றிரவே மருந்து வேண்டும்.

துளையிட்ட பித்தளைத் துண்டு

ஷில்லிங் அம்மையார் கண்ட மருந்து வியப்பூட்டும் எளிமை உடையது. கார்புரேட்டருக்குச் சற்று முன்பாகப் பெட்ரோல் குழாயில் ஒரு சிறு பித்தளைத் தடுப்பைப் பொருத்தினார். தையற்காரர் விரலில் அணியும் குப்பியைப் போன்ற வடிவம். நடுவே ஒரு துளை. பிறகு அது தட்டையான வாஷர் போன்ற வடிவம் பெற்றது. என்ஜின் முழு ஆற்றலில் ஓடும்போது எவ்வளவு பெட்ரோல் தேவையோ அந்த அளவு மட்டுமே துளை வழியே செல்லும். அதற்குமேல் பம்பு எவ்வளவு தள்ளினாலும் செல்லாது. மிதவை தலைகீழானாலும், வால்வு முழுவதும் திறந்தாலும், வெள்ளம் வருவதற்கு வழியில்லை. முதற்கட்டத் தடுமாற்றம் ஒரு கணத்தில் கடந்துவிடும். இரண்டாம் கட்டமோ நிகழாமலே போகும்.

எளிமை என்றோம், ஆனால் எளிமைக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. துளை சற்றுப் பெரிதானால் வெள்ளம் தடைபடாது. சற்றுச் சிறிதானால் முழு வேகத்தில் பெட்ரோல் போதாமல் கலவை மெலியும். என்ஜின் மிகையாகச் சூடேறி உடையவும் கூடும். சூப்பர்சார்ஜர் எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் திணிக்கிறதோ அதற்கேற்பவே பெட்ரோல் செலவாகும். எனவே சதுர அங்குலத்திற்கு 12 பவுண்டு அழுத்தம் தரும் என்ஜின்களுக்கு ஒரு துளையும், 15 பவுண்டு தரும் என்ஜின்களுக்கு வேறொரு துளையும் என இரு அளவுகள் செய்யப்பட்டன. பர்மிங்காமில் சூப்பர்சார்ஜரோடு பழகிய ஆண்டுகள் வீண்போகவில்லை.

இந்தத் தடுப்பின் மற்றொரு சிறப்பு, விமானத்தைப் பணியிலிருந்து நீக்காமலே அதைப் பொருத்திவிடலாம் என்பது. 1941ஆம் ஆண்டு மார்ச் வாக்கில் அம்மையார் ஒரு சிறு குழுவினருடன் விமானத் தளந்தோறும் சென்று, போர்முனைப் படைகளுக்கு முதலிடம் தந்து, இதைப் பொருத்தச் செய்தார். பந்தயத்தில் ஓடிய மோட்டார் சைக்கிள் பழக்கம் இப்போது பணிக்கு உதவியது. அறையில் அமர்ந்து ஆணை அனுப்புவதோடு அவர் கடமை முடிந்துவிடவில்லை. களத்துக்கே சென்று, பொருத்தும் கைகளின் அருகே நின்றார்.

அரசுப் பதிவேடுகளில் இதற்கு ஆய்வு நிலையத்தின் பெயரே இருந்தது. ஆனால் விமானிகளோ செல்வி ஷில்லிங்கின் துளை என்று வேடிக்கைப் பெயர் சூட்டிவிட்டனர். அவர் திருமதி நெய்லராகி இரண்டாண்டுகளுக்கு மேல் கடந்திருந்தபோதும் பெயர் அப்படியே நிலைத்தது. பெயரில் குறும்பு இருந்தாலும் உள்ளத்தில் நன்றி இருந்தது.

இது முழுமையான தீர்வு அன்று; விமானத்தைத் தலைகீழாக நெடுநேரம் ஓட்டுவதற்கு இது இடந்தராது. பின்னர் மிதவையே இல்லாத அழுத்தக் கார்புரேட்டர்கள் 1943 வாக்கில் வந்து நோயை முற்றிலும் நீக்கின. ஆனால் அவை வரும்வரை விமானிகளின் உயிரைக் காத்து நின்றது அந்தப் பித்தளைத் துண்டே.

நம் கண்முன் ஓடும் வண்டிக்கும் அதே முறை

போர் விமானம் நமக்கு எட்டாத பொருளாக இருக்கலாம். அம்மையார் காட்டிய வழியைச் சூப்பர்சார்ஜர் பொருத்திய ஒரு காருக்குப் பொருத்திப் பார்த்தால் அதன் பயன் விளங்கும். அத்தகைய கார் வேகமெடுத்த பின் அம்புபோல் பாய்கிறது. ஆனால் குறைந்த வேகத்தில் மிதியை அழுத்தினால் மட்டும் சுமை ஏற்றிய மாட்டு வண்டிபோல் மந்தமாக நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே சூப்பர்சார்ஜர் கெட்டுவிட்டது, புதிது வாங்கு என்பவர்களே மிகுதி. அது நோயறியாமல் மருந்து கொடுப்பதாகும்.

முதலில், இது நோய்தானா அல்லது இயல்பா என்று கேட்க வேண்டும். மையவிலக்கு வகைச் சூப்பர்சார்ஜர் தரும் அழுத்தம் ஏறத்தாழ அதன் சுழற்சி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் அழுத்தம் காற்பங்காகிவிடும். எனவே குறைந்த வேகத்தில் அது மிகுதியாக உதவாது. மேலும், இத்தகைய என்ஜின்களில் சிலிண்டருக்குள் நிகழும் அமுக்க விகிதத்தைச் சற்றுக் குறைத்து வைப்பது வழக்கம். ஆகவே அமுக்கி உதவாத வேளையில் என்ஜின் சோர்வாகத் தோன்றுவது அதன் பிறவிக் குணம். வண்டி புதிதாக இருந்தபோதும் இப்படித்தான் இருந்ததா என்ற ஒரு கேள்வியே பாதிச் சிக்கலை அவிழ்த்துவிடும்.

இயல்பில்லை என்று தெரிந்தால் அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். குறைந்த வேகத்தில் வழக்கமான அழுத்தம் காட்டவில்லையெனில் காற்று எங்கோ தப்புகிறது. உபரிக் காற்றைத் திருப்பி அனுப்பும் வால்வு மூடாமல் சிக்கியிருக்கலாம். அமுக்கிக்கும் என்ஜினுக்கும் இடையே உள்ள குழாய் இணைப்பு தளர்ந்திருக்கலாம். வேகம் கூடும்போது காற்றின் அளவும் கூடுவதால் சிறு கசிவு மறைந்துபோகும். குறைந்த வேகத்தில்தான் அது வெளிப்படும். பெல்ட் வழுக்குவதோ பெரும்பாலும் மிகுந்த வேகத்திலும் மிகுந்த சுமையிலும் தோன்றும். ஆகவே எந்த வேகத்தில் குறை தோன்றுகிறது என்பதே எந்த உறுப்பில் குறை என்பதற்குச் சாட்சி சொல்கிறது.

அழுத்தம் சரியாக இருந்தும் வண்டி மந்தமாக இருந்தால் குற்றம் காற்றில் இல்லை. மிதியை அழுத்திய கணத்தில் பெட்ரோல் குறைகிறதா, மிகுகிறதா, தீப்பொறி உரிய நேரத்தில் எழுகிறதா என்று பார்க்க வேண்டும். கறுப்புப் புகை மிகுதியைக் காட்டும். திக்கலும் தும்மலும் பெரும்பாலும் குறைவைக் காட்டும். அதற்கும் பிறகு கிளட்ச் வழுக்குகிறதா, பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறதா என்பவற்றையும் மறந்துவிடக் கூடாது. எப்போது, எந்த நிலையில், எவ்வளவு நேரம், எந்த அறிகுறியோடு - இந்த நான்கு கேள்விகளைக் கேட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பவனே நல்ல பொறியாளன். மெர்லினின் நோயை அறியவும் இவையே பயன்பட்டன.

போருக்குப் பின்

போர் முடிந்தது. அம்மையாரின் தொண்டுக்காக பிரிட்டிஷ் பேரரசின் சிறப்பு விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஆய்வு நிலையத்தில் அவர் தொடர்ந்து பணியாற்றினார். புளூ ஸ்ட்ரீக் என்னும் ஏவுகணைத் திட்டத்திலும், மழையில் நனைந்த ஓடுபாதையில் விமானத்தின் பிரேக் எந்த அளவுக்குப் பிடிக்கும் என்னும் ஆராய்ச்சியிலும் அவருக்குப் பங்குண்டு. பின்னது பெயர் பெறாத பணி. ஆயினும் மழை நாளில் விமானம் பாதுகாப்பாகத் தரையிறங்கி நிற்பதற்கு இத்தகைய ஆராய்ச்சிகளே அடிப்படை.

பந்தய ஆர்வமும் அவரை விட்டு நீங்கவில்லை. மோட்டார் சைக்கிளிலிருந்து காருக்கு மாறி, ஐம்பது வயதைக் கடந்த பின்னரும் கணவருடன் சேர்ந்து ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் கார்களைத் தாமே செப்பனிட்டு ஓட்டினார். 1967ஆம் ஆண்டு டான் கர்னி என்னும் அமெரிக்கப் பந்தய வீரரின் ஈகிள் கார் மிகையாகச் சூடேறும் தொல்லைக்கு ஆளானபோது அதற்கு ஆலோசனை கூறவும் அவர் அழைக்கப்பட்டார். அறுபதை நெருங்கிய ஓர் அம்மையாரிடம் உலகின் முன்னணிப் பந்தயக் குழுவினர் ஆலோசனை கேட்டனர் என்பது எவ்வளவு பெருமைக்குரியது!

ஆனால் ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்வளவு திறமையும் அனுபவமும் இருந்தும் அந்த நிலையத்தின் தலைமைப் பதவி எதுவும் அவருக்குக் கிட்டவில்லை. அவருக்கு உரிய பதவிகள் ஆண்களுக்கே சென்றன. என்ஜினின் நோயை ஒரு துளையால் தீர்த்தவரால் சமுதாயத்தின் இந்த நோயைத் தீர்க்க முடியவில்லை. எனினும் அவர் கசந்துபோய் ஒதுங்கிவிடவில்லை. 1919இல் தொடங்கப்பட்ட பெண் பொறியாளர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தார். 1969ஆம் ஆண்டு ஓய்வு பெறும்வரை தம் மேசையையும் பட்டறையையும் விட்டு அகலவில்லை. அதே ஆண்டில் சர்ரே பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. 1990ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், தம் 81ஆம் வயதில் அம்மையார் இயற்கை எய்தினார்.

இன்று லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரியில் மின்னணுப் பொறியியல் துறைக்குரிய கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வகுப்பில் இருவராய் அமர்ந்திருந்த பெண்களுள் ஒருவரின் பெயரைப் படித்துக்கொண்டே இன்று மாணவியர் பலர் அதனுள் நுழைகின்றனர்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! ஷில்லிங் அம்மையாரின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடங்கள் பல. கையால் தொட்டுக் கற்ற கல்வியே ஆபத்தில் உதவும் என்பது ஒன்று. குறையைக் கண்டவுடன் பழைய பொருளைத் தூக்கியெறியாமல், குறையின் மூலத்தைத் தேட வேண்டும் என்பது மற்றொன்று. பெரிய சிக்கலுக்குத் தீர்வும் பெரிதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சரியான இடத்தில் சரியான அளவில் அமைந்தால் சிறியதே போதும் என்பது இன்னொன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெண் என்ற காரணத்தால் அடைக்கப்பட்ட கதவுகளின் முன் அவர் அழுதுகொண்டு நிற்கவில்லை. கைக்குக் கிடைத்த வேலையை - மின்கம்பி இழுப்பதாயினும், கையேடு எழுதுவதாயினும் - செம்மையாகச் செய்தார். நாட்டுக்குத் தேவை ஏற்பட்டபோது அந்தக் கதவுகள் தாமே திறந்து அவரை அழைத்தன. திறமையைத் தேடி அழைப்பதற்கு ஒரு போர் வரும்வரை ஒரு சமுதாயம் காத்திருக்க வேண்டுமா என்பதை நாம் சிந்திக்க வேண்டும். நம் வகுப்புகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பின்வரிசையில் ஓசையின்றி அமர்ந்திருக்கும் சகோதரிகளுள் எத்தனை ஷில்லிங்குகள் இருக்கின்றனரோ, யார் அறிவார்? அவர்களுக்கு வழிவிடுவதும் ஊக்கம் தருவதும் நம் அனைவரின் கடமை.

காசளவும் இல்லாத பித்தளைத் துண்டில் இட்ட ஒரு துளையால் வரலாற்றில் இடம்பெற்ற அந்த அம்மையாரின் புகழ் ஓங்குக!